பாடி கட்டியவர் யார்?

பழைய கேரவனைக் கட்டியவர் யார் என்று கேட்டால், ஆர்.சி. புத்தகத்தை நீட்டிவிடுகிறோம். அது அரசு ஆவணம்தான். ஆனால் அதிலிருந்து சேஸிஸ் செய்த நிறுவனத்தைத்தான் அறியலாம். நம் நாட்டில் சேஸிஸ் ஓரிடம், பாடி வேறிடம் என்பது நெடுநாள் வழக்கம். கரூரில் ஒரு தொழிலே அதை நம்பி வளர்ந்திருக்கிறது. ஆகவே வண்டியைத்தான் படிக்க வேண்டும். ஜன்னலும் விளக்கும் கைமாறும்போதெல்லாம் மாறியிருக்கும், அவற்றை நம்பக்கூடாது. உட்பலகையைக் கழற்றிச் சட்டகத்தைப் பாருங்கள். மரமா, இரும்பா? ரிவெட்டுகளுக்கு நடுவே எத்தனை விரற்கடை? பெங்களூரு ஜீவனஹள்ளியில் ரிவெட் அடித்த அலுமினிய உடம்போடு ஒரு பழைய வண்டி நின்றால், உடனே அதே ஊர் எச்.ஏ.எல். விமான நிறுவனம் கட்டியது என்று சொல்லத் தோன்றும். 1940இல் விமானத்துக்காகத் தொடங்கப்பட்ட அந்நிறுவனம், போருக்குப் பின் ரயில் பெட்டியும் பஸ் பாடியும் கட்டியது உண்மை. ஆனால் ரிவெட் அடிக்கத் தெரிந்த கை வேறு பட்டறைக்கும் போகும். பெயர்த்தகடோ ரசீதோ கிடைக்கும்வரை ‘இருக்கலாம்’ என்பதே நேர்மை. ஓடினால் போதாதா, பெயர் எதற்கு என்பார்கள். கட்டியவர் தெரிந்தால் கட்டிய முறையும் தெரியவரும். அது தெரியாமல் அலுமினியத் தகட்டில் இரும்புத் திருகை முடுக்கினால், மழை ஈரத்தில் திருகைச் சுற்றித் தகடு அரித்துப்போகும்.