நிறமில்லாச் சாயக்கழிவு

பனியனின் வெண்மையைக் கண்டு மகிழாதார் இல்லை. அந்த வெண்மைக்காக ஓர் ஆறு கருத்ததே, அதை எண்ணிப் பார்த்தோர் எத்தனை பேர்? குன்னத்தூரில் விடியுமுன் எழுந்து, தூக்குப் போசியில் சோறு கட்டிக்கொண்டு, திருப்பூர்ப் பேருந்துக்குக் காத்து நிற்கிறாரே தொழிலாளத் தோழர், அவரைக் கேளுங்கள். கூறுவார் அந்தக் கதையை!

வெள்ளியங்கிரி மலையிலே பிறந்து, கோவையைத் தழுவி, திருப்பூரைத் தொட்டுக் காவிரியில் கலக்கும் நொய்யல், வயலை வாழவைத்த ஆறு. அதன் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் 1992ஆம் ஆண்டு அணை எழுந்தது. பாசனத்துக்கென எழுந்த அணை, சாயக்கழிவு தேங்கும் குட்டையாயிற்று! கிணறு கெட்டது, நிலம் உப்பேறிற்று, தென்னை வாடிற்று. கரூர் வரையில் உழவன் கண்ணீர் விட்டான். வழக்கு மன்றம் ஏறினான். 2011ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள், சாய, சலவை ஆலைகளை மூடுக என்று சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. ஆலைகள் நின்றன, தொழிலாளி அடுப்பும் அணைந்தது. கழிவு ஒரு சொட்டும் வெளியேறக்கூடாது என்ற விதியை ஏற்ற பிறகே தொழில் மீண்டும் தழைத்தது.

பழங்கதை எதற்கு இப்போது என்று கேட்பீர்கள். புதுக்கதை ஒன்று தொடங்கியிருக்கிறது, அதனால்தான்!

ஆடை விற்க இன்று அழகியும் வேண்டாம், படம் பிடிப்போரும் வேண்டாம் என்கிறார்கள். செயற்கை நுண்ணறிவுக்கு ஒரு வரிக் கட்டளை. உடனே இல்லாத பெண் இல்லாத கடற்கரையிலே நம் ஊர் ஆடையை அணிந்து நடக்கிறாள்! ஸ்வீடனின் எச் அண்ட் எம் நிறுவனம், விளம்பர அழகியர் முப்பது பேருக்குக் கணினி இரட்டையரைப் படைப்பதாக 2025இல் அறிவித்தது. அதே ஆண்டு கோகோ கோலாவின் கிறிஸ்துமஸ் விளம்பரம் ஒன்றுக்காக 70,000க்கும் மேற்பட்ட காட்சித் துணுக்குகளை ஆக்கிச் சலித்தெடுத்தனர் என்று ஏடுகள் எழுதின. நாம் பார்த்தது சில நொடி. பார்க்காமலே குப்பைக்குப் போனது மலையளவு!

புகை தெரியவில்லை, சாயம் தெரியவில்லை. ஆகவே மாசும் இல்லை என்று மயங்கிடலாமா? கட்டளையிடுபவர் திருப்பூரிலே, அதை நிறைவேற்றும் இயந்திரமோ எங்கோ ஒரு தரவு மையத்திலே. மின்சாரத்தைக் குடிக்கிறது, சூடேறுகிறது, சூடு தணிக்கப் பல இடங்களில் தண்ணீரையும் குடிக்கிறது. உலகத் தரவு மையங்கள் 2024இல் உண்ட மின்சாரம் ஏறத்தாழ 41,500 கோடி யூனிட். 2030இல் அது 94,500 கோடியை எட்டும் என்கிறது பன்னாட்டு எரிசக்தி முகமை. அத்தனையும் விளம்பரத்துக்கு அல்ல. ஆயினும் விளம்பரத்தின் பங்கு எவ்வளவு என்று கணக்குக் காட்டுவார் யார்?

“ஒரு கேள்விக்கு ஐந்து சொட்டுத் தண்ணீர், கால் வாட் மணி மின்சாரம், அவ்வளவுதானே!” என்பர். 2025இல் கூகுள் தன் எழுத்து விடைக்குக் கூறிய கணக்கு அது. மறுக்கவில்லை. ஆனால் படம் வேறு, எழுத்து வேறு. ஆயிரம் படங்களுக்குச் சராசரி மூன்று யூனிட் மின்சாரம், எழுத்துக்கு ஆவதைப்போல் 60 மடங்கு என்று 2023இல் ஆய்வாளர் அளந்து காட்டினர். அசையும் படத்துக்கு அதனினும் மிகுதி. மேலும், ஒரு சாயத்தொட்டியா நொய்யலைக் கொன்றது? ஒவ்வொருவரும் ‘என் தொட்டி சிறிது’ என்றனர். ஆறு பெரிதாகக் கெட்டது!

இயந்திரத்தை உடைக்கச் சொல்லவில்லை நான். மாதிரி ஆடையைத் தைத்துத் தைத்து வானூர்தியில் அனுப்புவதற்குப் பதில், திரையிலே வடிவத்தைக் காட்டி ஒப்புதல் பெற்றால் துணியும் மிச்சம், எரிபொருளும் மிச்சம். வரவேற்போம். கேட்பதெல்லாம் அளவும் கணக்கும்.

நம் முதலாளியிடம் நீருக்கும் நூலுக்கும் சான்றிதழ் கேட்கிறானே மேனாட்டு வணிகன், அவன் தன் விளம்பரம் உண்ட மின்சாரத்துக்கும் சான்று காட்டட்டும்! சாயப்பட்டறைக்கு ஒரு நீதி, சலவைக்கல் மாளிகையிலுள்ள விளம்பர அலுவலகத்துக்கு வேறு நீதியா? சிறு இயந்திரம் போதுமான இடத்தில் பேரியந்திரம் எதற்கு? எடுத்த நல்ல படம் ஒன்று பத்து இடத்தில் பயன்படுமே. நூறு படம் எதற்கு?

தமிழ்நாடு 2021இல் தரவு மையக் கொள்கை வகுத்தது. 2019இல் ஏரிகள் வறண்டு குடம் தூக்கி நின்ற சென்னையிலே மையங்கள் பெருகுகின்றன. கழிவுநீரைத் தூய்மையாக்கி ஆலைகளுக்கு அனுப்பும் நிலையங்கள் கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் உள்ளன. தண்ணீர் தேவைப்படும் மையத்துக்கு அந்த நீரே செல்லட்டும். குடிநீர் குடத்துக்கு இருக்கட்டும். எவ்வளவு மின்சாரம், எவ்வளவு நீர் என்று ஒவ்வொரு மையமும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டுமெனச் சட்டம் வரட்டும்.

நம் வீட்டையும் பார்ப்போம், தோழர்களே! பிறந்தநாள் வாழ்த்துக்கு இருபது படம், வரவேற்புக்கு முப்பது படம். சிங்கத்தின் மீது தலைவர், மேகத்தின் மீது தலைவர்! வேண்டுமா இவை? கிளைத் தோழர் கைப்பட எழுதிய சுவரெழுத்துக்கு இருந்த வீறு, இந்தப் பளபளப்புக்கு உண்டா? முதலில் சிந்தியுங்கள், பிறகு கட்டளையிடுங்கள்.

நொய்யல் கெட்ட பிறகு விதி வந்தது. இம்முறை விதி முந்தட்டும்!