சித்தி உருட்டிய பந்து

கோவில்பட்டியிலிருந்து சித்தப்பாவும் சித்தியும் வந்திருந்தார்கள். வழக்கமாகக் கடலைமிட்டாயோடு வருகிறவர்கள், இந்தத் தடவை ஸ்காட்லாந்துக் கதையும் கொண்டுவந்தார்கள்.

சித்தப்பாவுக்குக் கோல்ஃப் பைத்தியம். கோயம்புத்தூரில் மில் உத்தியோகத்தில் இருந்தபோது தொற்றிக்கொண்டது. ஓய்வு பெற்று ஊர் திரும்பினார். வியாதியும் கூடவே வந்தது. கரிசல் காட்டில் கோல்ஃப் ஏது? சித்திரையில் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். பந்து விழுந்தால் பாதாளம்தான். ஐப்பசி மழையிலோ செருப்பே சேற்றில் நின்றுவிடும். ஆகவே வருஷத்துக்கு இரண்டு தரம் மட்டைகளைச் சுமந்துகொண்டு கொடைக்கானலுக்குப் பஸ் ஏறுவார். அங்கே 1895-ல் ஏற்பட்ட கிளப் இருக்கிறது. காட்டெருமைகள் சாவகாசமாக மைதானத்தில் மேயும். அவை நகருகிற வரை ஆட்டக்காரர் காத்திருக்க வேண்டியதுதான். சித்தி ஓரமாக உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னுவாள்.

அவள் பள்ளிக்கூட நாளில் ஹாக்கி ஆடியவள். கோவில்பட்டியில் இது அதிசயமில்லை. தீப்பெட்டியைப் போல ஹாக்கிக்கும் பேர்போன ஊர் அது. கல்யாணத்தோடு மட்டை பரணுக்குப் போயிற்று. ஆடாதே என்று யாரும் தடுக்கவில்லை. ஆடுகிறாயா என்று யாரும் கேட்கவுமில்லை.

போன வருஷம், மாடி எடுக்க வைத்திருந்த பணத்தில் சித்தப்பா செயின்ட் ஆண்ட்ரூஸுக்குக் கிளம்பினார். சித்தி இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "நானும் வருவேன்" என்றாள்.

"பெரிய மைதானம்னு போனா, நம்ம திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காடு மாதிரில்லா இருக்கு!" என்றாள் என்னிடம்.

தப்பில்லை. உழவுக்கு ஆகாத கடலோர மணல்மேடுதான் 'லிங்க்ஸ்'. ஆடுகள் காற்றுக்கு ஒதுங்கிய பள்ளங்களே மணற்குழிகளாயின என்பார்கள். மணலில் தண்ணீர் தங்காது. மழை விட்ட கையோடு ஆடலாம். குடித்த தண்ணீரை விடாத நம் கரிசல் இதற்கு நேர் எதிர். அங்கே முன்பு ஓர் ஆட்டத்துக்கு 22 குழி; 1764-ல் 18 ஆக்கினார்கள். உலகத்துக்கே அந்தக் கணக்கு நிலைத்துவிட்டது.

அவ்வளவு பெருமை பெற்ற பழைய மைதானம் ஊர்ப் பொதுச் சொத்து! ஆட்டத் தகுதிச் சான்று வைத்திருப்பவர் குலுக்கலுக்குப் பெயர் கொடுக்கலாம். சித்தப்பா மூன்று நாள் கொடுத்தார். மூன்று நாளும் விழவில்லை. பக்கத்தில் இருந்த 'நியூ கோர்ஸி'ல் ஆடினார். புதுசு என்றால் எவ்வளவு புதுசு? அதுவும் 1895! கொடைக்கானலின் வயசுதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய மைதானத்தில் சாதாரணமாக ஆட்டம் கிடையாது. ஜனங்கள் நாயைப் பிடித்துக்கொண்டு உலாத்துவார்கள். சித்தியும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தாள். "உங்களுக்குக் கிடைக்காத பூமியை நான் மிதிச்சிட்டேன், பாத்தீகளா?"

மைதானத்தின் தலைமாட்டில் ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் கிளப். 1754-ல் தோன்றிய அது, பெண்களை அங்கத்தினராக்க ஓட்டெடுத்தது 2014-ல்! உள்ளூர்ப் பெண்கள் அதுவரை காத்திருக்கவில்லை. 1867-லேயே தங்களுக்கென்று சங்கம் கண்டார்கள். பெண்பிள்ளை தோளுக்கு மேல் கையை ஓங்கக் கூடாது என்று ஊர் சொன்ன காலம். ஆகவே பந்தை உருட்டிக் குழியில் போடும் ஆட்டம் மட்டும். மேடுபள்ளம் மிகுந்த அந்தப் புல்தரைக்கு 'ஹிமாலயாஸ்' என்று பெயர். வெளியாரும் சிறு கட்டணம் கட்டி ஆடலாம்.

மறுநாள் மாலை சித்தப்பா அங்கே இரண்டு மட்டை வாங்கினார். முப்பத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்டாராம், "நீயும் ஆடுறியா?"

சித்தி ஹாக்கிக்காரியின் பிடியில் மட்டையைப் பற்றிக் குனிந்தாள். பந்து ஒரு மேடு ஏறி, வளைந்து, குழிக்குள் விழுந்தது.

"பதினெட்டில் நீங்கள் எத்தனை குழி ஜெயித்தீர்கள், சித்தப்பா?" என்றேன்.

"காப்பி ஆறுதுல்லா" என்றார்.

மே மாதம் மறுபடி கொடைக்கானல் போகிறார்களாம். பின்னல் ஊசிகளையும் பாதி முடிந்த ஸ்வெட்டரையும் சித்தி என்னிடம் விட்டுப் போயிருக்கிறாள்.