கட்டு போட்டதோடு முடியவில்லை: மணிக்கட்டு முறிந்தவர்களின் கோரிக்கைச் சாசனம்

தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு, மணிக்கட்டு முறிந்து சிகிச்சை பெற்றவர்களும் அவர்களுக்குத் துணையிருந்தவர்களும் வைக்கும் கோரிக்கைகள்.

குளியலறையில் வழுக்கினாலும் வண்டியிலிருந்து விழுந்தாலும் கையைத்தான் முதலில் ஊன்றுகிறோம். மாவுக்கட்டு போட்டதும் சிகிச்சை முடிந்தது என்றே மருத்துவமனையும் வீடும் நினைக்கின்றன. கை கோணலாவதும் விரல் மடங்காமல் போவதும் அதற்குப் பிறகுதான். துணி பிழியவும் பூக் கட்டவும் கை பழையபடி உதவும்வரை சிகிச்சை தொடர வேண்டும். இதுவே எங்கள் தலையாய கோரிக்கை.

நேராகவும் பக்கவாட்டிலும் இரண்டு எக்ஸ்ரே எடுக்காமல் கட்டு போடக் கூடாது. விலகிய எலும்பை இழுத்து நேராக்குமுன் மரத்துப்போகும் ஊசி போட வேண்டும். நாலு பேர் அமுக்கிப் பிடிக்க, அலற அலற இழுப்பது எங்கும் நடக்கக் கூடாது. வீக்கம் ஏறுமுன் மோதிரத்தையும் வளையலையும் கழற்ற வேண்டும். மோதிரம் வெட்டும் கருவி ஒவ்வோர் அவசரப் பிரிவிலும் இருக்கட்டும்.

வீட்டுக்கு அனுப்பும்போது தமிழில் அச்சிட்ட ஒரு தாள் கொடுங்கள். கையை நெஞ்சுக்கு மேல் உயர்த்தி வைக்க வேண்டும், விரலையும் தோளையும் அன்றே அசைக்கத் தொடங்க வேண்டும் என்று அதில் இருக்கட்டும். மாத்திரைக்கும் அடங்காமல் வலி கூடினாலோ, விரல் நீலம் பாரித்தாலோ, மரத்தாலோ உடனே வரச் சொல்லுங்கள். வந்தவரை "நாளைக்கு ஓ.பி.க்கு வாங்க" என்று திருப்பாமல், நள்ளிரவானாலும் கட்டைப் பிளந்து தளர்த்த வேண்டும். இறுகிய கட்டுக்குள் ரத்த ஓட்டம் நின்றால், தசை சாகச் சில மணி நேரம் போதும். மூங்கில் தப்பை வைத்துக் கட்டும் நாட்டு வைத்தியரிடம் மக்களை அனுப்புவது அறியாமை மட்டுமல்ல. ஆபரேஷன் பயமும், நாள் முழுக்க வரிசையில் நிற்க முடியாத கூலிப் பிழைப்பும்தான். அவர்களைத் திட்டுவதை விட்டு, இதே தாளைக் கட்டு போடும் வைத்தியர்களிடமும் கொண்டு சேருங்கள்.

கட்டு போட்ட பிறகு எடுக்கும் மறு எக்ஸ்ரேயை உரிமையாக்குங்கள். சேர்த்து வைத்த எலும்பு முதல் இரண்டு வாரத்தில் மறுபடி விலகலாம். கட்டுக்குள் இருப்பதால் வெளியே தெரியாது. ஒரு வாரத்தில் பார்த்துவிட்டால் திருத்துவது எளிது. கோணலாகக் கூடிவிட்ட பிறகோ எலும்பை வெட்டித்தான் நேராக்க வேண்டும். கட்டு போடும்போதே மறுபரிசோதனைத் தேதியை எழுதிக் கொடுங்கள். வராதவருக்குப் போன் போக வேண்டும். வந்தவரைப் புதுச் சீட்டுக்கு மறுபடி வரிசையில் நிறுத்தக் கூடாது.

கட்டைவிரலின் அடியில் உள்ள குழியில் வலித்தால், எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாவிட்டாலும் சுளுக்கு என்று எழுதி அனுப்பாதீர்கள். அங்குள்ள படகெலும்பின் விரிசல் முதல் படத்தில் மறைந்திருக்கலாம். இரண்டு வாரத்தில் மறுபடி பாருங்கள்.

ஆபரேஷன் வேண்டுமா என்பதை எங்களோடு பேசி முடிவெடுங்கள். பிரிட்டனில் 500 பேரிடம் நடந்த ஆய்வு 2022இல் வெளியானது. எலும்பை நேராக்கியபின் கம்பி போட்டவர்களுக்கும், நேராக்கியபின் மாவுக்கட்டு மட்டும் போட்டவர்களுக்கும் ஓராண்டு கழித்துக் கையின் செயல்பாட்டில் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் கட்டு மட்டும் போட்டவர்களில் ஏறக்குறைய எட்டில் ஒருவருக்கு ஆறு வாரத்துக்குள் ஆபரேஷன் தேவைப்பட்டது. இரண்டையும் சொல்லுங்கள்; முடிவெடுக்க எங்களுக்குத் தெரியும்.

2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபி வீடு தேடி வருகிறது. கட்டுப் பிரித்த கைகளையும் அந்தப் பட்டியலில் சேருங்கள். ஐம்பது வயது தாண்டிய பெண் நின்ற இடத்தில் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டால், எலும்பு அடர்த்தியைச் சோதித்து, தேவையான மருந்தையும் இலவசமாகத் தொடங்குங்கள். அடுத்து முறிவது இடுப்பாக இருக்கலாம்.

கடைசியாக, கூலி. 2005ஆம் ஆண்டின் நூறு நாள் வேலைச் சட்டம், வேலையில் அடிபட்டு மருத்துவமனையில் படுத்தவருக்குத்தான் பாதிக் கூலியை உறுதி செய்தது. மணிக்கட்டு முறிந்தவர் பெரும்பாலும் அன்றே வீடு திரும்புகிறார். மண்வெட்டி பிடிக்க மாதக்கணக்காகிறது. கட்டு போட்ட நாளிலிருந்து கை வேலைக்குத் தேறிவிட்டது என்று டாக்டர் எழுதித் தரும் நாள்வரை, படுக்கையில் இருந்தாரா இல்லையா என்று பார்க்காமல், கூலியிழப்புக்கு உதவித்தொகை வழங்க வேண்டும்.