ஒரு நாள் ஈகை போதுமா?

மரக்காணத்து உப்பளங்களில் வாரிக் குவித்த உப்பை ஓலையால் மூடிவிட்டால் மழைக்காலம் கடந்தும் இருக்கும். கொடையாகப் பெற்ற குருதி அப்படியன்று. குளிர்பெட்டியில் 2 முதல் 6 டிகிரி செல்சியஸில் வைத்தாலும், சேர்க்கும் காப்புக் கரைசலைப் பொறுத்துச் சிவப்பணுக்களுக்கு 35 அல்லது 42 நாட்களே ஆயுள்.

இதன் பொருளைச் சென்ற ஆண்டு எங்கள் தெருவில் உணர்ந்தேன். உப்பு வாரும் தொழிலாளி ஒருவரின் எட்டு மாதப் பெண் குழந்தைக்கு இதயத்தில் ஓட்டை. அறுவைக்கு நாள் குறித்ததும், "புது இரத்தம் வேண்டும்" என்று அவர் வீடு வீடாக வந்தார். பெரியவர்களுக்கு ஆகும் இரத்தம் பிள்ளைக்கு ஆகாதா என்று பலர் கேட்டனர். அன்று எனக்கும் விடை தெரியாது.

விடை உப்பில்தான் இருக்கிறது. சிவப்பணுவின் உள்ளே பொட்டாசியம் என்னும் உப்பு மிகுதி. குளிரில் அதை உள்ளே நிறுத்தும் ஆற்றல் தளர, வரப்பு கசியும் பாத்தியைப்போல் அது நாளுக்கு நாள் வெளியேறுகிறது. பெரியவர் உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் குருதி உண்டு. ஒரு பையின் கசிவு அதில் கரைந்துவிடும். 5 கிலோ எடையுள்ள குழந்தைக்கோ மொத்தமே சுமார் 400 மில்லிலிட்டர். அறுவையின்போது இதயத்தின் வேலையை ஏற்கும் இயந்திரத்தின் குழாய்களை நிரப்பவும் பிறர் குருதி தேவைப்படுகிறது. பொட்டாசியம் மிகுந்து விரைவாக உட்சென்றால் இதயத் துடிப்பே நின்றுவிடக்கூடும். ஆகவே மருத்துவர்கள் சில நாட்களே ஆன குருதியை நாடுகிறார்கள். இல்லையேல் சிவப்பணுக்களைக் கழுவிச் சேர்க்கிறார்கள்.

இதைக்கொண்டு பழைய குருதியெல்லாம் தீது என முடிவு கட்டிவிடலாகாது. கடும் நோயுற்ற ஏறத்தாழ 1500 குழந்தைகளிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வு, 7 நாட்களுக்கு உட்பட்ட குருதி பெற்றோருக்கும் வழக்கமான குருதி பெற்றோருக்கும் உறுப்புகள் செயலிழப்பதில் வேறுபாடு காணவில்லை. பச்சிளம் குழந்தையின் இதய அறுவையில் தனிக் கவனம் வேண்டும்.

அறுவை நாளன்று ஓடிச்சென்று கை நீட்டினால் போதாதா? போதாது. எச்.ஐ.வி., கல்லீரல் அழற்சி பி, சி, மேகநோய், மலேரியா ஆகிய சோதனைகள் முடிந்த பிறகே குருதியைப் பயன்படுத்தலாம். எனவே புதுக் குருதி வங்கியில் முன்கூட்டியே இருக்கவேண்டும். அறுவைச் செலவை அரசுக் காப்பீடு ஏற்கலாம். குருதியை எந்தத் தொழிற்சாலையும் செய்து தராது. காசுக்குக் குருதி விற்பதை ஒழிக்க 1996இலேயே உச்ச நீதிமன்றம் ஆணையிட்டுவிட்டது. எஞ்சியிருப்பவை நம் கைகளே.

ஆனால் நாம் செய்வதென்ன? ஆண்டுக்கொரு முகாம், ஒரு நிழற்படம், ஒரு சான்றிதழ்! நூறு பேர் ஒரே நாளில் கொடுத்தால் நூறு பையும் ஒன்றாகவே மூப்படைகின்றன. பத்து மாதம் கழித்து வரும் குழந்தைக்கு அவற்றின் சிவப்பணுக்கள் பயன்படா. முகாமை நான் பழிக்கவில்லை. அதைப் பிரித்து நடத்துங்கள் என்கிறேன். 18 வயதும் 45 கிலோ எடையும் நல்ல உடல்நலமும் உடைய ஆண்கள் 3 மாதத்துக்கு ஒருமுறையும், பெண்கள் 4 மாதத்துக்கு ஒருமுறையும் கொடுக்கலாம். நாட்டு நலப்பணித் திட்டத்தினர் துறைவாரியாகப் பட்டியலிட்டு, மாதந்தோறும் சிலரை அனுப்பினால் போதும்.

எங்கள் தெருக் குழந்தைக்கு, நல்லவேளையாக, நால்வர் கிடைத்தனர். இன்று அவள் உப்பள வரப்பில் தந்தையின் விரல் பிடித்து நடக்கிறாள். அடுத்த குழந்தையையும் அந்த நல்லவேளையிடமே ஒப்படைக்கப்போகிறோமா? எண்ணிப் பாருங்கள்!