காட்டுத்தீ: வீட்டைக் கொளுத்துவது எது?

காட்டுத்தீ என்றதும் ஊரை நோக்கி வரும் பெரிய தீச்சுவர்தான் கண்ணில் தெரியும். ஆனால் பல வீடுகளைப் பற்றவைப்பது, காற்றில் முன்னாடியே பறந்து வரும் தீப்பொறிகள். கூரையில் கிடக்கும் சருகில் ஒன்று விழுந்தால் போதும்.

2018 நவம்பரில் கலிஃபோர்னியாவின் பாரடைஸ் நகரை அழித்த தீயில் 85 பேர் இறந்தனர். தீயைத் தாங்கும் கூரை, சுவர் வேண்டும் என்ற 2008 கட்டட விதிக்குப் பிறகு கட்டிய வீடுகளில் சுமார் பாதி சேதமின்றித் தப்பின. பழைய வீடுகளில் ஐந்தில் ஒன்றுகூடத் தப்பவில்லை.

பழைய வீட்டையும் காப்பாற்றலாம். சுவரைச் சுற்றி 5 அடிக்கு எரியும் பொருள் கூடாது. காற்றுத்துளைகளுக்கு நெருக்கமான கம்பிவலை வேண்டும். ஆனா ஒருத்தர் மட்டும் செய்தால் பத்தாது. பக்கத்து வீடு எரிந்தால் இதுவும் போச்சு. அரசின் உதவி தெரு முழுமைக்கும் சேர்த்தே போக வேண்டும்.