யார் திருத்தினால் திரிபு?

ஆசிரியையாக நான் அன்றாடம் செய்யும் வேலை திருத்துவது. விடைத்தாள் திருத்துகிறேன், என் கவிதையையும் பத்து முறை திருத்துகிறேன். தமிழில் திருந்துவதும் திருத்துவதும் நல்ல சொற்கள். ஆனால் கம்யூனிஸ்ட் இயக்கத்தில் ‘திருத்தல்வாதி’ என்பதைவிடக் கொடிய வசை இல்லை. இன்னும் சூடு வேண்டுமென்றால் ‘திரிபுவாதி’. அந்த வசை யார்மீது விழுந்தது என்று நிறையப் படித்திருக்கிறோம். எதன்மீது விழவே இல்லை என்பதுதான் என் கேள்வி.

இந்தச் சொல்லை ஆண்கள் மட்டும் ஏந்தவில்லை. சீர்திருத்தங்களே போதும் என்ற பெர்ன்ஸ்டைனை எதிர்த்து 1898-99இல் ‘சீர்திருத்தமா, புரட்சியா’ எழுதியபோது ரோசா லக்சம்பர்க்குக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. கிளாரா ஜெட்கினும் ரோசாவின் பக்கம் நின்றார். ஆகவே இந்த விவாதமே வீண் என்று நான் சொல்ல மாட்டேன். இலக்கைக் கைவிடுகிறவர்களை அடையாளம் காட்ட ஒரு சொல் தேவைதான். அதை நேர்மையாகப் பயன்படுத்தினார்களா?

சோவியத் கட்சியில் 1919இல் பெண்களுக்கென்று தனித்துறை உருவானது. இனெஸ்ஸா அர்மாண்டும் அவருக்குப் பின் அலெக்சாந்திரா கொல்லந்தாயும் அதை நடத்தினார்கள். 1920இல் கருக்கலைப்பு சட்டபூர்வமானது. உலகில் அதுவே முதல் முறை. பிறகு நடந்தது என்ன? பெண் பிரச்சினை தீர்ந்துவிட்டதென்று 1930இல் அந்தத் துறையை மூடினார்கள். 1936இல் கருக்கலைப்பைத் தடை செய்தார்கள். 1944ஆம் ஆண்டுச் சட்டம், பதிவுத் திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தைக்குத் தந்தையைக் கோரும் உரிமையைப் பறித்தது. பத்துப் பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவளுக்கு ‘வீரத்தாய்’ பட்டம் தந்தது. குடும்பமும் தனிச்சொத்தும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதை 1884இலேயே எழுதிக்காட்டினார் எங்கெல்ஸ். அவரிடமிருந்து இதைவிடப் பெரிய விலகல் உண்டா? தோழர்களே, இதற்கு ஏன் திருத்தல்வாதம் என்று பெயர் வைக்கவில்லை?

சீனக் கட்சி 1963-64இல் சோவியத் தலைமைக்கு எதிராக ஒன்பது விமர்சனக் கட்டுரைகளை வெளியிட்டது. ஸ்டாலின், யூகோஸ்லாவியா, சமாதான சகவாழ்வு, போலிக் கம்யூனிசம் எனத் தலைப்புகள் நீள்கின்றன. பெண் என்ற சொல் ஒரு தலைப்பிலும் இல்லை. திருத்தல்வாதத்தின் தொடக்கமாக அவர்கள் காட்டியது 1956 பிப்ரவரியில் நடந்த இருபதாவது மாநாட்டை. அதற்கு மூன்று மாதம் முன்புதான் கருக்கலைப்புத் தடை நீங்கியிருந்தது. இதனால் குருசேவ் பெண்களின் தோழராகிவிடவில்லை. 1944ஆம் ஆண்டுச் சட்டத்தின் அந்தக் கொடிய விதி அவர் ஆட்சி முழுவதும் நீடித்தது. குற்றம் சாட்டியவர், சாட்டப்பட்டவர் இருவருக்கும் இது வழக்கே அல்ல.

வழக்காக்கிய பெண்ணுக்கு என்ன கிடைத்தது? 1942 மார்ச்சில், யெனானில், திங் லிங் மகளிர் தினக் கட்டுரை எழுதினார். திருமணம் செய்தாலும் ஏச்சு, செய்யாவிட்டாலும் ஏச்சு. பிள்ளை வளர்க்க வீட்டில் இருந்தவளைப் பின்தங்கியவள் என்று கணவனே விவாகரத்து செய்கிறான் என்றார். கட்சி அவரைச் சுயவிமர்சனம் செய்ய வைத்தது. 1957இல் வலதுசாரி முத்திரை குத்தி, வடகிழக்கின் குளிர்நிலத்துக்கு அனுப்பியது. கட்சி தன்னைத் திருத்திக்கொள்ளட்டும் என்றவரைத்தான் கட்சி திருத்தப் புறப்பட்டது.

அந்த விவாதத்தின் வேகத்தில் 1964இல் இந்தியக் கட்சியும் பிளந்தது. இந்தியப் புரட்சியின் கட்டம் எது என்று இரவிரவாகப் பேசினார்கள். அந்த இரவுகளில் தேநீர் போட்டது யார் என்ற கேள்வி எந்த அறிக்கையிலும் ஏறவில்லை.

இடதுசாரி அமைப்புகளில் உழைக்கும் மாணவிகளுக்கு இன்றும் கிடைக்கும் பதில், ‘முதலில் வர்க்கம், மற்றது பிறகு’ என்பதுதான். பெண்ணே, அந்தப் ‘பிறகு’ எங்கெல்ஸிடம் இல்லை, கொல்லந்தாயிடம் இல்லை. பின்னால் வந்தவர்கள் செருகிய திருத்தம் அது. அடுத்த வாசிப்பு வட்டத்தில் யாராவது திருத்தல்வாதம் என்று குரல் உயர்த்தினால், 1930ஐயும் 1936ஐயும் மேசைமேல் வை. எழுந்து நின்று, பதில் வரும்வரை உட்காராதே.