இரு வெண்கலக் காசுகள்

உரோமரின் வரலாற்றை ஏடுகளில் மட்டுமன்றிச் சில்லறைக் காசுகளிலும் கற்கலாம் என்பது நம் கருத்து. பொற்காசு செல்வர் பேழையிற் கிடந்தது. வெண்கலமும் பித்தளையுமே சந்தையில் உலாவின. ஆதலின், அவற்றிற் பொறித்த உருவங்களே அரசு எளியோரோடு பேசிய மொழியாயின.

கி. பி. 70இல் எருசலேம் வீழ்ந்தது. மறு ஆண்டில் வெஸ்பாசியன் வெளியிட்ட செஸ்டேர்சியசு என்னும் பெருங்காசின் பின்புறத்தே, பேரீச்ச மரத்தடியில் ஒரு மங்கை அழுதிருக்கின்றாள். 'கைப்பற்றப்பட்ட யூதேயா' என்பது வாசகம். இது வென்றோர் கூற்று.

ஆயின், கிளர்ந்தெழுந்த யூதரும் அவ்வீழ்ச்சிக்கு முன்னரே, கி. பி. 67 முதல், தம் சிறு வெண்கலக் காசில் திராட்சை இலையைப் பொறித்துச் 'சீயோனின் விடுதலை' என எழுதினர்.

ஒரு காசை மட்டும் கண்டவன் பாதி வரலாறே கற்றவனாவான். அரசர் பெயரையும் ஆண்டையும் மனனஞ் செய்விக்கும் ஆசிரியராகிய நாம், இரு காசுகளையும் அருகருகே வைத்துக் காட்டவும் கடமைப்பட்டுள்ளோம்.